தங்கை ‘பான்’ என்கிறாள், அப்படியென்றால் என்ன?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு 21 வயது, கோவையில் படிக்கிறாள். பொங்கல் லீவுக்கு மதுரை வந்தவள், ராத்திரி மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருந்தபோது “அக்கா, நான் பான்செக்சுவல்” என்றாள். நீங்களும் “சரிடீ” என்று சொல்லிவிட்டு, விடியும்வரை தூக்கம் வராமல் படுத்திருந்தீர்கள். இதுவும் பைசெக்சுவலும் (இருபாலீர்ப்பும்) ஒன்றா, எல்லாரையும் பிடிக்கும் என்று அர்த்தமா, இந்த வயதில் வந்து போகிற ஒன்றா, வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்களே என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, அவள் பையில் குத்தியிருக்கும் பிங்க், மஞ்சள், நீலப் பட்டை போட்ட பேட்ஜ் ஏதாவது கட்சிக் கொடியா என்றும்.

கட்சிக் கொடி இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் மனநல ஆலோசகர். என்னிடம் வருகிறவர்களில் பலர், முதன்முதலில் யாரிடம் இதைச் சொன்னார்கள், அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் என்ன என்பதைப் பல வருடம் கழித்தும் அப்படியே சொல்வார்கள். ஆகவே அந்த “சரிடீ” சின்ன விஷயம் இல்லை. புரியாமல் சொன்னதாக வருத்தப்பட்டிருக்கிறீர்கள். புரிந்த பிறகுதான் சரி சொல்வேன் என்று நீங்கள் காத்திருந்தால் அவள் கீழே இறங்கிப் போயிருப்பாள்.

இந்தப் ‘பான்’ பீடாக்கடைப் பானும் இல்லை, வருமான வரிக்காரர்களின் பான் கார்டும் இல்லை. ‘பான் இந்தியா படம்’ என்று போஸ்டரில் போடுகிறார்களே, அந்தப் பான். கிரேக்க மொழியில் ‘எல்லாம்’ என்று பொருள். தமிழில் ‘அனைத்துப்பாலீர்ப்பு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. பேச்சில் பெரும்பாலும் பான்தான்.

குழப்பமும் இந்த ‘எல்லாம்’ என்ற சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. பான் இந்தியா படம் எல்லா ஊரிலும் ஓட வேண்டும் என்று எடுக்கப்படுவது. பான்செக்சுவல் ஆளுக்கு ஊரில் உள்ள எல்லார் மேலும் ஆசை வரும் என்று அதே கணக்கைப் போட்டுவிடுகிறோம். இங்கே ‘எல்லாம்’ என்பது பாலினத்தைப் பற்றியது, ஆட்களின் எண்ணிக்கையைப் பற்றியது அல்ல. உங்களுக்கு ஆண்களைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். மாட்டுத்தாவணியில் ஒரு பஸ்ஸில் ஏறும் ஐம்பது ஆண்களில் எத்தனை பேரைப் பிடிக்கும்? அநேகமாக ஒருவரையும் பிடிக்காது. தங்கைக்கும் அப்படித்தான். ஒரே ஒருவரைக் காதலித்து அவரோடு நாற்பது வருடம் வாழ்கிற பான்செக்சுவல் இருக்கலாம், யாரையுமே இன்னும் காதலிக்காத பான்செக்சுவலும் இருக்கலாம். ஒரே நேரத்தில் பலரோடு உறவில் இருப்பது வேறு விஷயம், அதை எந்த ஈர்ப்பு உள்ளவரும் தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுக்காமலும் இருக்கலாம். ‘எல்லாம் என்றால் குழந்தைகளுமா, மிருகங்களுமா’ என்று விதண்டாவாதமாகக் கேட்பவர்களும் உண்டு. இல்லை. நாம் பேசுவது சம்மதம் சொல்லக்கூடிய வயதுவந்த மனிதர்களுக்கு இடையே வரும் ஈர்ப்பைப் பற்றி மட்டும்.

சரி, அப்படியானால் எதைத்தான் சொல்கிறது? ஒருவர் மேல் ஈர்ப்பு வருமா வராதா என்பதை அவருடைய பாலினம் தீர்மானிப்பதில்லை என்பதைச் சொல்கிறது. அவர் ஆணாக, பெண்ணாக, திருநங்கையாக, திருநம்பியாக, ஆண் பெண் இரண்டிலும் தன்னை அடைக்க விரும்பாதவராக இருக்கலாம். மற்றது எல்லாம் கணக்கில் உண்டு. சிரிப்பு, பேச்சு, புத்தி, உடம்பு, கோபப்படும் விதம், எல்லாம்.

கச்சேரி கேட்கிறவர்களை வைத்துச் சொல்வது எனக்கு வசதி. ஒருவருக்கு வீணை மட்டும்தான் பிடிக்கும். இன்னொருவருக்கு வயலினும் பிடிக்கும், நாதஸ்வரமும் பிடிக்கும். ஆனால் இரண்டும் அவரை வேறு வேறு விதமாகத் தொடும். மூன்றாமவர் கல்யாணி ராகம் எங்கே கேட்டாலும் நின்றுவிடுவார். வாசிப்பது எந்த வாத்தியம் என்பது அவருக்கும் தெரியும், காது செவிடு இல்லை. ஆனால் அவரை நிறுத்தியது வாத்தியம் இல்லை. இந்த மூன்றாமவரைத்தான் தங்கை தன்னோடு அடையாளப்படுத்திக்கொள்கிறாள். பான்செக்சுவல்களை ‘பாலினமே கண்ணுக்குத் தெரியாதவர்கள்’ என்று சிலர் எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எவ்வளவோ போராடித் தன்னைப் பெண் என்று உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்த ஒரு திருநங்கையிடம் போய் ‘நீ பெண் என்பதே எனக்குத் தெரியவில்லை’ என்றால் அது காதல் வசனமா? தெரிகிறது, மதிக்கிறேன், ஆனால் அதனால்தான் பிடித்தது என்றோ அதனால் பிடிக்காமல் போனது என்றோ இல்லை. அவ்வளவுதான்.

இதில் நம் பேச்சுத்தமிழில் ஒரு வேடிக்கை இருக்கிறது. “எனக்கு ஒருத்தங்களைப் பிடிச்சிருக்கு, அவங்க ரொம்ப நல்லவங்க” என்று ஒரு பிள்ளை வீட்டில் சொன்னால் அந்த ‘அவங்க’ யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. மரியாதை விகுதி ஆணையும் பெண்ணையும் ஒரே போர்வைக்குள் மூடிவிடும். ஆங்கிலம் பேசுகிற வீட்டில் ஒரு வாக்கியத்திலேயே மாட்டிக்கொள்வார்கள், நம் பிள்ளைகள் மாதக்கணக்கில் ‘அவங்க’வை வைத்தே ஓட்டிவிடுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு பெண் சொன்னாள்: “மேடம், மத்தவங்க ‘ஒருத்தங்க’ன்னு சொன்னா மறைக்கிறாங்கன்னு அர்த்தம். நான் சொன்னா அதுதான் நிஜம். எனக்கு முதல்ல ஒருத்தங்களாத்தான் தெரியுறாங்க.” நான் படித்த எந்த வரையறையும் இவ்வளவு தெளிவாக இல்லை.

அதே பெண்தான் எனக்கு ஒரு பாடமும் நடத்தினாள். முதல் நாள் அவள் ‘பான்’ என்று சொன்னதை நான் குறிப்பேட்டில் ‘பை’ என்று எழுதிவிட்டேன். இரண்டும் ஒன்றுதானே என்ற நினைப்பு. எட்டிப் பார்த்தவள், “அது என் பேரு இல்ல மேடம்” என்றாள். ஆகவே பைசெக்சுவல், பான்செக்சுவல் கேள்விக்கு நானே ஒருமுறை தப்பாக விடை எழுதியவள் என்பதை ஒப்புக்கொண்டு தொடர்கிறேன்.

பரவலாகச் சொல்லப்படும் விடை இது: பை என்றால் ஆண், பெண் என்ற இரண்டு மட்டும். பான் என்றால் திருநங்கை, திருநம்பி எல்லாரையும் சேர்த்து. இந்த விடை இரண்டு இடத்தில் தப்பு. முதலாவது, திருநங்கை ஒரு பெண், திருநம்பி ஓர் ஆண். ஆண், பெண் என்று சொன்னபோதே அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களைத் தனிப் பட்டியலில் போட்டு ‘இவர்களையும் பிடிக்கும்’ என்று பெருமைப்படுவது உபசாரம் போலத் தோன்றும் அவமரியாதை. இரண்டாவது, இருபாலீர்ப்பு உள்ளவர்கள் தங்களை அப்படிக் குறுக்கிக்கொண்டதே இல்லை. 1990இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் அவர்கள் நடத்திய ஓர் இதழ் வெளியிட்ட அறிக்கையிலேயே, பாலினம் இரண்டுதான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், எங்களை அந்த இரண்டுக்குள் அடைக்காதீர்கள் என்ற கருத்து இருக்கிறது. ராபின் ஆக்ஸ் என்ற அமெரிக்கச் செயல்பாட்டாளர் பல வருடமாகச் சொல்லிவரும் வரையறை இப்படிப் போகும்: ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர் மேல் ஈர்ப்பு வரக்கூடிய தன்மை என்னிடம் இருக்கிறது, அது ஒரே நேரத்தில் வர வேண்டியதில்லை, ஒரே விதமாகவோ ஒரே அளவிலோ இருக்க வேண்டியதும் இல்லை. ‘ஒன்றுக்கு மேற்பட்ட’ என்பதைக் கவனியுங்கள். இரண்டு என்று அவர் சொல்லவில்லை.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேலி போட்ட எல்லை மாதிரி இல்லை. மதுரைத் தமிழுக்கும் கோவைத் தமிழுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. ஒரே விஷயத்தை வேறு அழுத்தத்தோடு சொல்வது. பை என்பவர் எத்தனை பாலினத்தவர் மேல் ஈர்ப்பு வரும் என்பதைச் சொல்கிறார். பான் என்பவர் அந்த ஈர்ப்பில் பாலினத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சொல்கிறார். ஒரே ஆள் இரண்டையும் சொல்லலாம், பலர் சொல்லவும் செய்கிறார்கள். வெளியாட்களுக்குப் புரியட்டும் என்று பை, தோழிகளிடம் பான். ஒரே மாதிரி உணர்கிற இரண்டு பேர் ஆளுக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொள்வதும் உண்டு. இதில் எது சரியான சொல் என்று மூன்றாமவர் தீர்ப்புச் சொல்ல ஒன்றுமில்லை. இரத்தப் பரிசோதனையில் வருகிற முடிவா என்ன? இணையத்தில் இந்த இரண்டு தரப்பும் ஒன்றையொன்று மட்டம் தட்டிக்கொள்வதைப் பார்த்தால் எனக்குச் சலிப்புத்தான் வரும். ஆம்னிசெக்சுவல், பாலிசெக்சுவல் என்று இன்னும் நுணுக்கமான சொற்களும் உண்டு. தங்கை அவற்றைச் சொல்லாதவரை உங்களுக்குத் தேவை இல்லை.

சொல்லின் கதையும் கொஞ்சம் விசித்திரமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பான்செக்சுவலிசம்’ என்பது சிக்மண்ட் ஃப்ராய்டைத் திட்டப் பயன்பட்ட சொல். மனிதன் செய்கிற எல்லாவற்றுக்கும் காமத்தையே காரணம் காட்டுகிறார் என்ற குற்றச்சாட்டு. 1920இல் தன் நூல் ஒன்றின் புதிய பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் அவர் இந்தக் குற்றச்சாட்டைக் கடிந்துகொண்டிருக்கிறார். அந்தப் பொருள் இன்றைய பொருளோடு ஒட்டவே ஒட்டாது. யாராவது ‘இது ஃப்ராய்டு காலத்துச் சொல்’ என்று உங்களிடம் அளந்தால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இன்றைய பொருளுக்கு இடம் எங்கே உருவானது என்றால், பழைய அளவுகோல்கள் போதாமல் போன இடத்தில். 1948இல் ஆல்ஃபிரட் கின்சி அமெரிக்க ஆண்களைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். ஆள் விலங்கியல் பேராசிரியர், அதற்கு முன் வருடக்கணக்கில் குளவி பிடித்து வகைப்படுத்திக்கொண்டிருந்தவர். பூச்சிகளில் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது என்று பார்த்துப் பழகிய கண், மனிதர்களை இரண்டே டப்பாவில் போட ஒப்பவில்லை. 0 முதல் 6 வரை ஒரு கோடு போட்டார். எதிர்ப்பாலின ஈர்ப்பு மட்டும் என்றால் 0, தன்பாலின ஈர்ப்பு மட்டும் என்றால் 6, நடுவில் எத்தனையோ பேர். அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். ஆனால் அந்தக் கோட்டில் தங்கையை எங்கே நிறுத்துவீர்கள்? நடுவில் 3 என்றால், ஆண் பாதி, பெண் பாதி என்று ஆகிவிடும். அவள் சொல்வது பாதிக் கணக்கே இல்லை. வாத்தியத்தை அளக்கும் கோலை வைத்து ராகம் கேட்பவரை அளப்பது போல. 1978இல் ஃப்ரிட்ஸ் க்ளைன் என்ற மனநல மருத்துவர் ஈர்ப்பு, கற்பனை, நடத்தை, மனநெருக்கம், தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வது முதலான ஏழு விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்கும் ஒரு கட்டத்தைக் கொண்டுவந்தார். நேற்று, இன்று, விரும்புவது என்று மூன்று காலத்துக்கும். கொஞ்சம் மேம்பட்டது. அதுவும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் கோடுதான்.

சொல் வெகுஜனத்துக்கு வந்தது 2010க்குப் பிறகு. 2018இல் அமெரிக்கப் பாடகி ஜனெல் மொனே ஒரு பேட்டியில், பான்செக்சுவாலிட்டி பற்றிப் படித்தபோது அதில் தன்னையும் பார்த்ததாகச் சொன்னார். உடனே மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் அந்தச் சொல்லைத் தேடியவர்கள் எண்ணிக்கை எகிறியது. 2020 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் லைலா மோரன் தன்னை இப்படி வெளிப்படையாகச் சொன்னார். எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டால், ஓரளவு நம்பக்கூடிய ஒரு கணக்கு இங்கிலாந்து, வேல்ஸில் இருக்கிறது. அங்கே 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக 16 வயது நிரம்பியவர்களிடம் பாலீர்ப்பைக் கேட்டார்கள், விருப்பமிருந்தால் பதில் சொல்லலாம் என்று. சுமார் 6,24,000 பேர் இருபாலீர்ப்பு என்றார்கள். கொடுத்த கட்டங்களில் எதுவும் பொருந்தாமல் ‘வேறு’ என்று குறித்தவர்கள் சுமார் 1,65,000. அவர்கள் கைப்பட எழுதிய சொற்களில் அதிகம் வந்தது பான்செக்சுவல்தான். படிவத்தில் இடமில்லாத சொல்லை எழுதிவிட்டுப் போனார்கள்.

வயதுக் கோளாறா, வந்து போகிற கட்டமா என்பது அடுத்தது. அமெரிக்காவில் லிசா டைமண்ட் என்ற உளவியலாளர், எதிர்ப்பாலீர்ப்பு அல்லாத 79 பெண்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பேட்டி கண்டு 2008இல் முடிவை வெளியிட்டார். எடுத்துக்கொண்ட பெயரை நடுவில் மாற்றிக்கொண்டவர்கள் நிறைய. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர் மேல் ஈர்ப்பு இருந்தவர்களுக்கு, பத்து வருடத்துக்கு அப்புறமும் அந்த ஈர்ப்பு இருந்தது. ‘இது வேறெங்கோ போகிற வழியில் ஒரு ஸ்டாப்’ என்ற எண்ணத்துக்கு அந்த ஆய்வு இடம் கொடுக்கவில்லை. உங்கள் தங்கை நாளைக்கு வேறு சொல் சொல்லலாம். அப்போது ‘பார்த்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்’ என்று கிளம்பாதீர்கள். சொல் மாறுவதற்கும், அன்று சொன்னது பொய் என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு குழப்பம் சேரும். இங்கே திருநங்கை என்ற சொல் எல்லாருக்கும் தெரியும், 2008இலேயே அவர்களுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது. அதனாலேயே, பாலீர்ப்பு என்று எதைச் சொன்னாலும் ‘அவளுக்கு ஆணாக மாற ஆசையோ’ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். நான் யார் என்பது பாலின அடையாளம். எனக்கு யார் மேல் ஈர்ப்பு என்பது பாலீர்ப்பு. தங்கை தன்னைப் பெண் என்றுதான் சொல்கிறாள், அதில் அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இனி மாப்பிள்ளை விஷயம். பான்செக்சுவல் பெண் ஓர் ஆணைக் கல்யாணம் செய்து சந்தோஷமாக வாழ முடியுமா? முடியும். வாழ்கிறார்கள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவி என்னிடம் வருவார்கள், கணவர் பான், மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும், அவர்கள் சண்டை எல்லாம் வீட்டுக்கடன் பற்றித்தான். ஆனால் வீட்டார் மனதில் ஓடும் கணக்கு வேறு: ‘ஆணையும் பிடிக்கும்தானே, அப்புறம் என்ன பிரச்சினை? ஒரு நல்ல பையனாகப் பார்த்து முடித்துவிட்டால் சரியாகிவிடும்.’ சரியாவதற்கு இங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. கல்யாணம் ஆன பிறகும் அவள் பான்செக்சுவல்தான். கல்யாணம் ஆகிவிட்டதால் உங்களுக்கு ஒரு நடிகரைப் பார்த்தால் அழகாகத் தெரியாமல் போய்விட்டதா? ‘ஆணையும் பிடிக்கும்’ என்பதை ‘எந்த ஆணையும் கட்டிக்கொள்வாள்’ என்று மொழிபெயர்ப்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு நடக்கும் பெரிய அநியாயம். தன்பாலீர்ப்பு என்று சொல்கிற பிள்ளையை வீட்டில் அடித்தாவது ‘வேறு’ என்று ஒப்புக்கொள்கிறார்கள், இவர்களுக்கு அந்த ஒப்புதல்கூடக் கிடைப்பதில்லை. ‘உனக்குத்தான் சாய்ஸ் இருக்கே’ என்று முடித்துவிடுகிறார்கள். பார்க்கும் பையனுக்கும் இதில் நியாயம் வேண்டும், தெரிந்து சம்மதிக்கட்டும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது அவள்தான், நீங்களோ தரகரோ அல்ல.

நாளைக்கு அவள் விரும்புவது ஆண் அல்லாத ஒருவராக இருந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2018 செப்டம்பர் 6க்குப் பிறகு, வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் தன்பாலின உறவு இந்தியாவில் குற்றமில்லை. தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் ஒன்றுதான் வழி என்று இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. ஆக, அவள் யாரை விரும்புகிறாள் என்பதைப் பொறுத்து, அதே பெண்ணுக்குச் சட்டம் வேறு வேறு கதவைத் திறக்கும் அல்லது மூடும்.

‘நல்ல டாக்டரிடம் காட்டினால் மாற்றிவிடுவார்’ என்று யாராவது உறவினர் சொல்லக்கூடும். உங்கள் ஊரிலிருந்து பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில்தான், 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். தனக்கே இது முழுதாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகு எழுதிய உத்தரவு அது. அதையொட்டி 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிப்பட்ட ‘சிகிச்சை’யைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. ஆகவே மாற்றித் தருகிறேன் என்று சொல்கிற டாக்டர் செய்வது வைத்தியம் இல்லை. ஆனால் அவள் மனசு கனத்துக் கிடந்தால், தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், அதற்காக ஒரு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. அது வேறு.

அவளிடம் எதைக் கேட்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். ‘யாரோடாவது பழகிப் பார்த்தியா, எப்படித் தெரியும்’ என்று சான்று கேட்காதீர்கள். உங்களுக்கு ஆண்களைப் பிடிக்கும் என்பதை எந்தப் பரீட்சை எழுதித் தெரிந்துகொண்டீர்கள்? யாருக்கெல்லாம் தெரியும், யாருக்குத் தெரியக்கூடாது என்று மட்டும் முதலில் கேளுங்கள். பெண் பார்க்க வருவதாகத் தேதி எதுவும் முடிவாகியிருந்தால் அதை உடனே சொல்லுங்கள், அவளுக்குத் தெரியாமல் நடக்க விடாதீர்கள். இப்போதைக்குப் படிப்பு முடியட்டும் என்று வீட்டில் தள்ளிப்போடும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவளுக்குப் பெரிய உதவி.

பேட்ஜ். அது 2010 வாக்கில் இணையத்தில் உருவான பான்செக்சுவல் கொடி. பிங்க் பெண்களுக்கு, நீலம் ஆண்களுக்கு, நடுவில் மஞ்சள் இந்த இரண்டிலும் அடங்காதவர்களுக்கு என்று சொல்வார்கள். அம்மா பார்த்து என்னவென்று கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு விளக்கவும் வேண்டாம், காலேஜ் விழா பேட்ஜ் என்று பொய் சொல்லவும் வேண்டாம். “அவகிட்டயே கேளுங்கம்மா” என்று சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்லும்போது பக்கத்தில் இருங்கள்.